நீ அணைத்துவிட்டுப் போன ஐபிவி6

குமரா,

நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் பார்த்தேன். கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பின் புல்வெளி நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா மூன்று படங்களில் சிரிக்கிறாள்; அவளிடம் மட்டும்தான் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். "கேமராகூட அங்க சரியா வேலை செய்யலம்மா. நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிறது இனிமே சேஃப் இல்ல. நான் ஜெர்மனி கிளம்புறதுக்குள்ள இதை முடிச்சிடலாம்." எதை முடிக்கப் போகிறாய் என்று போனில் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் நீ என்னை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவிடுவதில்லை. மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு வேறு கால் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. உன் ரீஸ்டார்ட் உபதேசங்களை நானும் பொறுமையாகத்தான் கேட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேமரா வேலை செய்கிறது. நான் ஃபெரியில் இருந்தாலும், அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் நின்றாலும், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் நம் வீட்டு கேட் என் போனில் தெரிகிறது. இத்தனை நாள் அது தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தமான் இல்லை. கடலுக்கடியில் வரும் கேபிள் இல்லை. உன் அப்பாவின் மறதியும் இல்லை. நீதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐந்து நாள் லீவில் பாம்பூஃப்ளாட் வீட்டுக்கு வந்தாயே, அப்போதுதான் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் தீவுக் கப்பல்களின் இன்ஜின் அறையில் ஒரு வால்வைக்கூட மறக்காத மனிதர், பக்கத்து வீட்டு கேட்டை நம் கேட் என்று நினைத்துத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவார். அந்த வீட்டுத் தெலுங்குக்காரி சரஸ்வதி நல்லவள், அவருக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். நீ பயந்துபோய் ஒரு கேமரா வாங்கி வந்து வராந்தா உத்தரத்தில் மாட்டினாய். அதன் வழியாகப் பேசவும் முடியும் என்று காட்டினாய். அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரவுட்டரில் என்னென்னவோ மாற்றிக்கொண்டிருந்தாய். என்னடா செய்கிறாய் என்று கேட்டதற்கு, தேவையில்லாததை எல்லாம் ஆஃப் செய்கிறேன், நெட் வேகமாக இருக்கும் என்றாய். என் பையன் இன்ஜினியர், அவனுக்குத் தெரியாததா என்று நானும் காபி போடப் போய்விட்டேன். நீ ஊருக்குப் போன பிறகு கொஞ்ச காலம் கேமரா அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாக ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் அந்தக் கம்பெனிக்காரன் அந்த மாடலுக்கு இனிமேல் சர்வர் கிடையாது என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு மூடிவிட்டான். அதன் பிறகு வீட்டு வைஃபைக்குள் இருந்தால் மட்டும்தான் கேமரா திறக்கும். அதாவது ஹாலில் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்டைப் பார்க்கலாம். ஹாலில் உட்கார்ந்தால் தலையைத் திருப்பினாலே கேட் தெரியும். உன்னிடம் சொன்னேன். ரீஸ்டார்ட் பண்ணுங்கம்மா என்றாய். பண்ணினேன். எத்தனை தடவை பண்ணினேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா காணாமல் போன அந்த நாளைப் பற்றி உனக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன். அன்று காலை அவருடைய மாத்திரைகளை வாங்கத்தான் நான் அக்கரைக்குப் போனேன். ஊர் பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் போர்ட் பிளேர்தான் வாயில் வருகிறது. சரஸ்வதியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கேமராவைத் திறந்து பார்த்தேன். இரண்டு தடவையும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம் வீட்டுக்கு வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. அவருடைய பழைய டூட்டி பையும் இல்லை, அவரும் இல்லை. சரஸ்வதி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கிறார். அவளைக் குறை சொல்ல முடியாது. தெரு முழுக்க ஓடினேன். பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் விசாரித்தால், அங்கே டீ விற்கிறவர் நிதானமாகச் சொல்கிறார், சார் ஃபெரி ஏறிப் போனாரே, குட் மார்னிங் சொன்னாரே என்று. அவர் போன நேரத்தைக் கேட்டேன். நான் திரும்பி வந்த ஃபெரியும் அவர் போன ஃபெரியும் நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன. நான் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் சாத்தத்தில் இறங்கி, தீவுக் கப்பல்கள் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே வரைக்கும் வெயிலில் நடந்தே போயிருக்கிறார். திக்லிபூர் கப்பலில் டூட்டி என்று கேட்டில் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அங்கே இருந்த காவலாளி அவரைப் பழைய ஆள் என்று அடையாளம் கண்டு, நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, யாரிடமோ நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நிம்மதியாக உட்கார்ந்து, வெளியே கிளம்பும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குச் சொல்லாத மீதி இதுதான். அத்தனை பேர் முன்னால் நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். எந்த ஜனங்கள் அவரைச் சார் சார் என்று கூப்பிட்டார்களோ அவர்கள் முன்னால். உங்களுக்கு வேலையும் கிடையாது, கப்பலும் கிடையாது, எல்லாம் முடிந்துபோய் எட்டு வருஷமாகிறது என்று கத்தினேன். அவர் பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினார். ரிட்டயர் ஆனது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தமாதிரி முகம் ஆகிவிட்டது. அந்த முகத்தை உண்டாக்கியவள் நான். மறதி இல்லை.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தபோது இந்தக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க ஏதாவது வழி செய் என்றுதான் கேட்டேன். நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "நம்ம லைனுக்குத் தனி ஐபி கிடையாதும்மா. நிறைய வீட்டுக்குச் சேர்த்து ஒரே ஐபி. உள்ள இருந்து வெளிய போலாம், வெளிய இருந்து உள்ள வர முடியாது. அங்க அவ்வளவுதான்." அப்புறம், அதனால்தான் கோயம்புத்தூர் சொல்கிறேன் என்றாய். ஒரு ரவுட்டரின் கோளாறுக்கு எங்கள் இரண்டு பேரையும் வீட்டோடு பெயர்த்து எடுக்க வேண்டும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. உனக்கு வேறு கால் வந்துவிட்டது.

இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்றது. கடைசியில் பேசின பெண் மெயின்லேண்டில் எங்கேயோ இருந்துகொண்டு, பாம்பூஃப்ளாட் எந்த மாவட்டம் மேடம் என்று கேட்டாள். நான்கு நாள் கழித்து ஆள் வந்தார். மண்டல் என்று பெயர், வங்காளி, திக்லிபூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். அங்கே அவருக்குப் பாக்குத் தோப்பு இருக்கிறது. இங்கே லைன் வேலை. மெதுவாகத்தான் பேசுவார், ஹிந்தியில்தான் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். அந்தக் குணம் ஒரு மனிதனிடம் எவ்வளவு அபூர்வம் என்பது உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும். அவர் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு மெனுவாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றார். அங்கே ஐபிவி6 என்று ஒரு வரி. அதற்கு எதிரில் டிஸேபிள்ட் என்று இருந்தது.

"யே கிஸ்னே பந்த் கியா, தீதி?" என்று கேட்டார். யார் மூடிவைத்தது அக்கா என்று.

என் பையன் என்றேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். இன்ஜினியர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி துடைத்ததில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க்கூட ஏற்படுத்தவில்லை.

அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, இது என்ன என்று முழுக்கக் கேட்டேன். நீ சொன்னதில் பாதி சரிதான். பழைய முறையில் ஐபி என்கிற இந்த நம்பர்களின் எண்ணிக்கை குறைவு, உலகம் முழுக்க எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். அதனால் கம்பெனி பல வீடுகளை ஒரே நம்பருக்குப் பின்னால் வைத்திருக்கிறது. எனக்கு உடனே புரிந்தது. நான் வேலை பார்த்த கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் நாங்கள் குரூப் டிக்கெட் கொடுப்போம். முப்பது பேர் போவார்கள், டிக்கெட் ஒரே ஒருவர் பெயரில் இருக்கும். யாராவது ஜெட்டிக்கு வந்து அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒருவரைத் தேடினால், பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. நம் வீடு அந்த மாதிரி பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது. இதற்குத்தான் ஐபிவி6 என்று புது முறை வந்திருக்கிறது, அதில் நம்பருக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் சொந்தமாக ஒரு நம்பர் கொடுக்கலாம் என்றார். அது எப்போது வரும் என்று கேட்டேன். வந்து பல வருஷம் ஆகிறது தீதி, உங்கள் கையில் இருக்கும் போனில் ஓடுவதே அதுதான் என்று என் போனையே வாங்கிக் காட்டினார். கம்பெனி நம் லைனுக்கும் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாசல் வரைக்கும் வந்து நின்றதை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியது நம் வீட்டு ரவுட்டர். சாத்தச் சொன்னது நீ. வேகமாக இருக்கும் என்று.

உன்னைத் திட்டுகிறேனே தவிர, இந்த விஷயத்தில் நானும் யோக்கியம் இல்லை. கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் வந்தபோது நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் பெர்த் போட, நான் மட்டும் என் கைப்பட நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான்கு மாதம் அப்படி ஓட்டினேன். ஒரு நாள் திக்லிபூர் கப்பலில் ஒரே பெர்த்தை நான் நோட்டில் ஒரு கைக்குழந்தைக்காரிக்கும், கம்ப்யூட்டர் ஒரு வயதான மனிதருக்கும் கொடுத்துவிட்டோம். கப்பலில் வேறு இடமே இல்லை. அந்த மனிதர் குழந்தையைப் பார்த்துவிட்டு டெக்கில் போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க மழை. இதை எனக்குச் சொன்னது அந்தக் கப்பலில் இருந்த உன் அப்பாதான். அவர்தான் தன் ரெயின்கோட்டை அந்த மனிதருக்குக் கொடுத்திருக்கிறார். மறுநாளே நான் நோட்டை மூடினேன். பழையது எனக்குப் பழகியிருக்கிறது என்பதற்காக இன்னொருவர் நனைய வேண்டியதில்லை. இந்தப் புத்தி எனக்கு வந்தது நாற்பது வயதில். உனக்கு முப்பத்து மூன்றுதான் ஆகிறது, ஏழு வருஷம் டைம் இருக்கிறது.

மண்டல் அந்த வரியை எனேபிள் செய்தார். ரவுட்டர் ஒரு தடவை அணைந்து எரிந்தது. கேமராவின் மெனுவிலும் அதே வரி ஆஃப் ஆகத்தான் இருந்தது, அதையும் போட்டார். கேமராவுக்கு ஒரு நம்பர் வந்தது. நம்பர் என்று சொல்லவே கூடாது. எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து, நடுநடுவே இரட்டைப் புள்ளி வைத்து, ரயில் மாதிரி போகிறது. காலண்டரின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில் ஒரு வழி வைக்க வேண்டும், நான் தோப்புக்குப் போய்விட்டுப் பத்து நாளில் வந்து செய்கிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தொடாதே என்று சொன்னால் நம் குடும்பத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்?

இரண்டு நாள் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் தெருமுனைக்குப் போய், வைஃபையை அணைத்துவிட்டு, அந்த நீள நம்பரை அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். ஐபிவி6 ஃபயர்வால் ஆன் என்று இருந்தது. இதுதானே தடுக்கிறது, இதை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று ஆஃப் செய்தேன். மறுபடி தெருமுனைக்குப் போய் அடித்தேன். கேட் தெரிந்தது, வராந்தா தெரிந்தது, நாற்காலியில் உன் அப்பா தெரிந்தார். நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்த வழியே போன மீன்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று உனக்குப் போன் செய்து, கேமரா தெரிகிறது, நானே செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அடுத்த நாள் கரன்ட் போய் வந்தது, நம்பர் மாறிவிட்டது. இங்கே கரன்ட் எத்தனை தடவை போகும் என்று உனக்குத் தெரியும். காலண்டரில் அடித்து அடித்து நான்கு தடவை எழுதினேன்.

மண்டல் ஊரிலிருந்து வந்ததும் பெருமையாகச் சொன்னேன், நானே முடித்துவிட்டேன் என்று. அவர் முகம் மாறியது. நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ரோட்டில் போய் நின்று தன் போனில் ஏதோ அடித்தார். இரண்டு நிமிடத்தில் உள்ளே வந்து அந்தப் போனை என்னிடம் நீட்டினார். அதில் உன் அப்பா இருந்தார். பனியனோடு, லுங்கியை முழங்காலுக்கு மேல் வழித்துக்கொண்டு, சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பட்டன் போடப் பார்க்கிறார். போட முடியவில்லை. திரும்பத் திரும்பப் போடுகிறார். நான் பாஸ்வேர்டைச் சொல்லவே இல்லையே என்றேன். டப்பாவிலேயே அச்சடித்து வரும் பாஸ்வேர்டுதான் தீதி, இந்த மாடல் எல்லாவற்றுக்கும் ஒன்றே, யாரும் மாற்றவில்லை என்றார்.

அதை மாற்றாமல் விட்டது நீ. ஃபயர்வாலைத் தூக்கி எறிந்தது நான். ஏழு நாள் உன் அப்பாவை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அத்தனை நீள நம்பரைக் கண்டுபிடித்து வருவது அவ்வளவு சுலபம் இல்லை, அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று மண்டல் என்னைத் தேற்றினார். எனக்குத் தேறவில்லை. ஜெட்டியில் பத்துப் பேர் முன்னால் கத்தியதற்கே நான் எனக்குள் செத்துக்கொண்டிருந்தேன். இது அதைவிட மோசம். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு செய்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. உத்தரத்தில் ஒரு கேமரா இருக்கிறது என்று அவரிடம் நாம் யாருமே சொல்லவில்லை. நீ மாட்டினாய், நான் பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறதிக்காரரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்.

அன்றே கேட்டேன். உத்தரத்தைக் காட்டி, இது கேமரா, நான் வெளியே போகும்போது உங்களைப் பார்ப்பதற்கு என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டப் பாக்கட்டும். என் நாற்காலியப் பாக்க வேணாம்" என்றார்.

மண்டலுக்கு அந்த அளவு தமிழ் தெரியும். ஏணி போட்டு ஏறி கேமராவைத் திருப்பினார். இப்போது கேட்டும் அதற்கு முன்னால் நாலடி வாசலும் மட்டும்தான் தெரியும். அப்புறம் ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்து, அதில் கேமரா ஒன்றுக்கு மட்டும் ஒரு வழி வைத்தார். டிவிக்கும் பிரின்டருக்கும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. பாஸ்வேர்டை மாற்றினார். நீளமாக வைக்கச் சொன்னார், வைத்தேன், உன் பிறந்த தேதி அதில் இல்லை, தேடாதே. கரன்ட் போய் நம்பர் மாறினாலும் தானாகவே பின்தொடர்ந்து வருகிற மாதிரி கேமராவுக்கு ஒரு பெயரும் வாங்கிக் கொடுத்தார். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். இது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குமரா, ஒரு மணி நேரம். நீ ஐந்து நாள் இங்கே இருந்தாய்.

இனி போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலை பத்தரை மணி ஃபெரியில் சாத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், பல் வலி. பாதிக் கடலில் போனைத் திறந்து பார்த்தால், கேட்டின் அருகே அவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, தோளில் டூட்டி பை. தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருக்கிறார். சரஸ்வதிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நான் இறங்கித் திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும். அந்த மைக் பட்டனை அமுக்கி, என்னங்க, எங்க போறீங்க, உள்ள போங்க என்று சத்தம் போட்டேன். அவர் திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. பயந்துபோய் தாழ்ப்பாளை இன்னும் வேகமாக இழுத்தார். மறுபடி கத்தினேன். பாதி தாழ்ப்பாள் வந்துவிட்டது. கத்தினால் இந்த மனிதர் ஓடத்தான் பார்ப்பார் என்று எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது, நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பிறகு.

மூச்சை இழுத்து விட்டுவிட்டு, கவுன்ட்டரில் மைக் பிடித்து அறிவிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"பயணிகள் கவனத்திற்கு. திக்லிபூர் செல்லும் கப்பல் வானிலை காரணமாக இன்று ரத்து செய்யப்படுகிறது. ஊழியர்கள் வீட்டிலேயே இருக்கவும். அடுத்த அறிவிப்பு வரும். நன்றி."

அவர் கையை எடுத்துவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் அதையே ஹிந்தியில் இன்னொரு தடவை சொன்னேன், ரெண்டு பாஷையிலும் சொன்னால்தானே அது நிஜ அறிவிப்பு. வானத்தை ஒரு பார்வை பார்த்தார். வெயில் கொளுத்துகிறது. இருந்தாலும் அலுவலகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, தாழ்ப்பாளை ஒழுங்காகத் திரும்பப் போட்டுவிட்டு, பையைக் கையில் எடுத்துக்கொண்டு படத்தைவிட்டு உள்ளே போனார். நான் நிமிர்ந்தபோது ஃபெரியில் இருந்த எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் ஹிந்தியில் கவலையோடு கேட்டாள், திக்லிபூர் கப்பல் நிஜமாகவே கேன்சலா என்று. அவளுக்கு விளக்குவதற்குள் சாத்தம் வந்துவிட்டது. பல் டாக்டரைப் பார்க்காமல் அதே ஃபெரியில் திரும்பினேன்.

கோயம்புத்தூருக்கு வரவே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. என்னால் அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாத நாள் வரும். அப்போது நானே உன்னைக் கேட்பேன், உன் புல்வெளி எங்கே என்று. ஆனால் அது எங்களால் முடியாமல் போகும் நாளாக இருக்க வேண்டும். நீ பார்க்காமல் விட்ட ஒரு வரியால் வரும் நாளாக இருக்கக் கூடாது. அங்கே நீ கட்டியிருக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் கேள். நீ போகிற ஊரில் புது வீட்டில் ரவுட்டர் வைத்தால், ஒன்றை அணைப்பதற்கு முன் அது என்னவென்று படி. தெரியாவிட்டால் கேள். டப்பா பாஸ்வேர்டை அன்றே மாற்று. தெரிந்தமாதிரி இருப்பது நம் குடும்பத்து வியாதி, அது உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, அதற்கு நான் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவின் பெயரையும் பாஸ்வேர்டையும் உனக்குத் தனியாக அனுப்புகிறேன். ஜெர்மனியிலிருந்தும் திறக்கும் என்று மண்டல் சொல்கிறார், அங்கேயும் உன் லைனில் ஐபிவி6 இருந்தால். ஆனால் ஒரு நிபந்தனை. பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூடாது. பார்த்தால் பேச வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். வியாழக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என்னிடம் செய்தி சொன்னார்.

"இன்னைக்கு ஸெய்லிங் இல்லையாம். ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா சொன்னாங்க. ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க" என்றார். அப்புறம், "உன்ன மாதிரி கத்தல" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பிறகு நான் அவரிடம் சத்தம் போடவில்லை. இன்றோடு ஆறு நாள் ஆகிறது. எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கேட்டருகே வந்து நிற்பார், ரோட்டைப் பார்க்க. அந்த நேரத்தில் திற. அப்பா என்று கூப்பிடு. யாரென்று கேட்டால் உன் பெயரைச் சொல். தெரியவில்லை என்று சொன்னால் வைத்துவிடாதே. இன்னொரு தடவை சொல்.

அம்மா